வேலி நகர்ந்த பக்கம்

அக்கா,

இரண்டு கையும் சாணி வாசனை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நேற்று வேலிக்கு நட்ட முள்முருங்கைக் கிளைப் போத்துகளின் வெட்டிய தலையில் இன்று காலை முழுக்கச் சாணி அப்பினேன். தலை காய்ந்தால் போத்து பிடிக்காது என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் செய்ததுதான். நீங்கள் ஒரு கை அள்ளினால் ஒரு போத்துக்குக் கச்சிதமாக இருக்கும். நான் அள்ளியதில் பாதி என் சேலையில்தான் இருக்கிறது. கடைசிப் போத்துக்கு வருவதற்குள் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. சோறு வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் மகளின் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

போன ஆடியில் நீங்கள் கண்ணை மூடினீர்கள். அதிலிருந்து நம் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் இருந்த வேலியை யாரும் தொடவில்லை. போத்துகளில் பாதி உள்ளே செல்லரித்து, கை வைத்தால் சாய்ந்தன. கம்பி துருப்பிடித்துப் பொடியாக உதிர்ந்தது. பங்குனியில் பன்றி புகுந்து மரவள்ளியில் மூன்று பாத்தியைக் கிளறிப் போட்டுவிட்டது. தின்றாலாவது போகட்டும் என்று விடலாம். தின்றது கொஞ்சம், மிதித்தது மிச்சம். அன்றைக்கு அந்தப் பன்றியை நான் பேசிய பேச்சை நீங்கள் கேட்டிருந்தால், "பாவம், அதுக்கு வெளங்கவா போகுது, உடு கண்ணு" என்றிருப்பீர்கள்.

உங்கள் மகன் முருகேசன் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை மேலே வந்தபோது வேலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கல்கால் நட்டு வலை அடித்துவிடலாம், செலவு ஆளுக்குப் பாதி என்றான். அவன் நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவன், அவனுக்கு எல்லாம் இரும்பு மாதிரி இருக்க வேண்டும். அடிவாரத்துக் காரவள்ளியில் கல் விற்கிறவரிடம் போனில் விலை கேட்டேன்.

"கல்லு வெல ஒண்ணும் பெருசில்லீங்க. அத்தன வளைவு ஏத்தியாரோணுமில்லீங்க, வண்டி வாடகைதானுங்க சாஸ்தி" என்றார்.

"அப்பக் கல்ல நீங்களே வெச்சுக்கங்க, வாடகைய மட்டும் ஏத்தி உடுங்க" என்றேன். மனிதர் சிரித்துவிட்டார், ஆனால் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

என்னிடம் இருந்ததோ இந்த வருட மிளகில் மிஞ்சிய கொஞ்சம். அதற்குள் முடிக்க வேண்டும். கடைசியில் இப்படி முடிவு செய்தேன். மேல் மூலைக்கும் கீழே ரோட்டோர மூலைக்கும் மட்டும் கல்கால். நடுவில் எல்லாம் போத்து. மழைக்கு முன்னால் மிளகு ஏறிய மரங்களுக்குக் கிளை கழிக்கத்தானே போகிறோம், கழித்த கிளையே போத்து, அதற்குக் காசில்லை. பழைய கம்பியில் நன்றாக இருந்த துண்டுகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். பன்றியை மிரட்ட வேலியில் கட்டுவதற்குப் பழைய சேலை. உங்கள் மருமகள் கவிதா உங்கள் சேலைகளில் கிழிந்தது ஏழெட்டு கொண்டுவந்து கொடுத்தாள். காப்பிக் கலர் சேலை அதில் இருந்தது. அதை மட்டும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன். வேலிக்குக் கொடுத்ததைத் திருடிக்கொண்டேன் என்று சொன்னாலும் சரிதான்.

மூலைக் கல்கால் சாயாமல் இருக்க, உள்பக்கமாக இரண்டு எட்டு தள்ளி ஒரு முட்டுக்கல் கொடுக்க வேண்டும். போன வியாழக்கிழமை அதற்குக் குழி தோண்டினேன். என் பக்கத்தில், என் மிளகுக்கு நடுவில். முழங்கை ஆழம் போயிருக்கும், கடப்பாரை ணங்கென்றது. பாறை என்று நினைத்துப் பக்கத்தில் குத்தினேன். அங்கே மண். மறுபக்கம் குத்தினேன். அங்கேயும் மண். கையால் மண்ணை வழித்தேன். நான்கு பக்கமும் செதுக்கிய கல். தலையில் சிலுவைக் குறி கொத்தியிருந்தது.

சர்வே கல், அக்கா. மேல் மூலைக் கல் எங்கேயோ மண்ணில் மூடிக்கிடக்கிறது என்று என் மாமனார் சொல்லிக்கொண்டிருப்பாரே, அதே கல். வேலிக்கு அடியில் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அது வேலியிலிருந்து இரண்டு எட்டு என் பக்கம் இருந்தது.

சரி, கல் கிடக்கட்டும் என்று விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. கிணற்றுக் கயிற்றை எடுத்துவந்து, ரோட்டோரத்தில் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற கீழ்க்கல்லில் ஒரு முனையைக் கட்டி, மேலே இந்தக் கல் வரைக்கும் இழுத்தேன். கீழே வேலியும் கயிறும் ஒன்றாக இருந்தன. மேலே வர வர விலகிக்கொண்டே வந்தன. கயிற்றுக்கும் வேலிக்கும் நடுவில் பதினான்கு மிளகுக் கொடி. என் தோட்டத்திலேயே நன்றாகக் காய்க்கிற பதினான்கு. என் மகள் நர்ஸுக்குப் படித்தது பாதி அந்தக் கொடிகளில்தான். அத்தனையும் உங்கள் நிலத்தில் நின்றன.

எப்படி நகர்ந்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கயிற்றுப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிந்தது. கொடி ஏறி நின்ற மரங்கள் வரிசை வரிசையாக, படிக்கட்டு மாதிரி உங்கள் வீட்டை நோக்கிப் போயின. ஒவ்வொரு வரிசையும் ஒரு பழைய வேலி. என் வீட்டுக்காரர் லாரியில் போய்த் திரும்பாமல் போன பிறகு வேலி அடைப்பது முழுக்க உங்கள் வேலையாகிவிட்டது. நான் சோறாக்கிக் கொண்டுவருவேன், நீங்கள் நடுவீர்கள். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை போத்து உளுத்துப்போகும். பழையதைப் பிடுங்காமல், உங்கள் பக்கம் நின்றுகொண்டு, உங்கள் பக்கம் ஒரு அடி தள்ளிப் புதியதை நடுவீர்கள். பழையதில் எது தழைக்கிறதோ அதை என் பக்கம் விட்டுவிடுவீர்கள். "மரமாப் போச்சுன்னா நீ மொளகு ஏத்திக்க" என்பீர்கள். நானும் ஏற்றினேன். இத்தனை வருடம் தினமும் பார்த்த மரங்கள். அவை ஏன் வரிசையாக நிற்கின்றன என்று ஒரு நாள் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. காய் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் நான் உங்களோடு சண்டை போட்ட ஆடி மாதம் ஞாபகம் வந்தது. 

பதினெட்டு வருடம் ஆகிறது. அப்போது என் மகளுக்கு ஐந்து வயது. காரவள்ளியில் தங்கைக்குப் பிரசவம் பார்க்கப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினேன். வளைவு வளைவாக வாந்தி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியவளுக்கு முதலில் கண்ணில் பட்டது வேலிதான். இரண்டு வரிசை நின்றது. உங்கள் பக்கம் இருந்த வரிசை மொட்டைக் குச்சி. என் பக்கம் இருந்த வரிசை பச்சைப் பசேலென்று துளிர் விட்டிருந்தது. துளிர் விட்டதுதானே புதிதாக நட்டது? அப்போது எனக்கு அப்படித்தான் பட்டது. ஆளில்லாத சமயம் பார்த்து என் பக்கம் ஒரு அடி ஏறி நட்டுவிட்டீர்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். பட்டுப்போய்விட்டது என்று நாம் இருவரும் கைவிட்ட பழைய போத்துகள் அந்தப் பத்து நாள் மழையில் அடியிலிருந்து துளிர்த்துக்கொண்டன, நீங்கள் நட்ட புதிய போத்துகள் இன்னும் கண் திறக்கவில்லை, அவ்வளவுதான். அதைத் தொட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அடிமரத்தில் பழைய கம்பியின் தழும்பு இருந்திருக்கும். நான் தொட்டா பார்த்தேன்?

பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நீங்கள் ஆட்டுக்குத் தழைக்கட்டோடு வந்துகொண்டிருந்தீர்கள்.

"ஏனுங்க்கா, ஆம்பள இல்லாத ஊடுன்னா அவ்வளவு எளக்காரமா? நீங்க பொறந்த எடப்புளி நாட்டுல இதையத்தான் சொல்லிக் குடுத்துக் கட்டிக் குடுத்தாங்களா?" என்றேன்.

நீங்கள் இரண்டு முறை வாயைத் திறந்தீர்கள். நான் விடவில்லை. என் வாயைத்தான் உங்களுக்குத் தெரியுமே, ஆரம்பித்தால் எனக்கே நிறுத்தத் தெரியாது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கடைசியில் அந்த வார்த்தையைச் சொன்னேன். "திருடி" என்றேன். தழைக்கட்டு உங்கள் தலையில் அப்படியே இருந்தது. "பஸ்ஸுல வந்த அலுப்பு உனக்கு. போய் மூஞ்சி கழுவிட்டுச் சாப்பிடு, கண்ணு" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

மறுநாள் காலையில் பார்த்தால் பச்சை வரிசை முழுக்கப் பிடுங்கிக் கிடந்தது. மொட்டைக் குச்சி வரிசை மட்டும் நின்றது. மாட்டிக்கொண்டதும் பிடுங்கிவிட்டாள் பார் என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே வைத்துக்கொண்டேன். நான் கத்திய கத்தலுக்கு, எது பழசு எது புதுசு என்று எனக்கு விளக்கிக்கொண்டிருப்பதைவிட ஒரு அடி நிலம் போனால் போகிறது என்று நீங்கள் நினைத்தீர்களோ என்னவோ. எனக்கு இப்போதும் அது புரியவில்லை, அக்கா. ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

ஆறு மாதம் பேசவில்லை. தையில் மிளகு பறிக்க ஒற்றைக்கால் ஏணியைச் சாத்திவிட்டு, பிடிக்க ஆளில்லாமல் நின்றேன். வேலிச் சந்தில் நுழைந்து வந்து ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஏறு, நாம் புடிச்சுக்கறேன்." நான் ஏறினேன். மேலேயிருந்து, பெரிய மனசு பண்ணி, ஒன்று சொன்னேன் பாருங்கள்.

"பழசெல்லாம் நாம் மறந்துட்டனுங்க்கா. மன்னிச்சு உட்டுட்டேன்."

"மறந்துட்டாச் செரி கண்ணு. அந்தக் கொப்புல இன்னொரு கொத்து இருக்குது பாரு" என்றீர்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு தையிலும் நீங்கள்தான் ஏணி பிடித்தீர்கள். உங்கள் நிலத்தில், நீங்கள் நட்ட மரத்தில் ஏறி, நான் எனக்கு மிளகு பறித்தேன். நீங்கள் கீழே நின்று பிடித்துக்கொண்டு, இன்னும் எங்கே காய் இருக்கிறது என்று காட்டினீர்கள். நான் உங்களை மன்னித்தவள் என்ற பெருமையோடு பதினேழு வருடம் உங்கள் வீட்டுக் களியைத் தின்றிருக்கிறேன். நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கூச்சம் என்பதுகூடச் சின்ன வார்த்தை.

கல்லின் மேல் ஒரு கூடை சருகைக் கொட்டி மூடினேன். அதையும் உங்களிடம் மறைக்கப்போவதில்லை. வெள்ளியும் சனியும் யாரிடமும் சொல்லவில்லை. யாருக்குத் தெரியும்? முருகேசனுக்குத் தெரியாது, கவிதாவுக்குத் தெரியாது. வேலி இருக்கிற இடத்திலேயே புது வேலி என்றுதான் பேச்சு. பதினான்கு கொடி போனால் தையில் என் கையில் என்ன மிஞ்சும் என்று இரண்டு நாளும் யோசித்தேன். மகளிடம் போய் நிற்க வேண்டுமா என்று யோசித்தேன். அக்காவே விட்டுக்கொடுத்ததுதானே, நான் ஏன் கிளற வேண்டும் என்றும் ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் நீங்கள் கொடுத்தீர்கள் என்றால், நான் உங்களைச் சொன்ன சொல் என்ன ஆவது? அதையும் சேர்த்து மூடி வைக்க எந்தச் சருகும் போதவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. முருகேசனும் கவிதாவும் கடப்பாரை, மண்வெட்டியோடு வந்தார்கள். சருகைத் தள்ளிக் கல்லைக் காட்டினேன். கயிற்றையும் மறுபடி இழுத்துக் கட்டினேன். "இதுதான் சாமி உங்க எல்லை. கயித்துக்கு அந்தப் பக்கம் இருக்கறதெல்லாம் உங்கம்மா எடம். வேலி இங்கதான் நடோணும்" என்றேன்.

முருகேசன் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். கவிதா கொடிகளை எண்ணினாள். அவளும் என்னைப் போலத்தான், மனசில் பட்டது அடுத்த நிமிடம் வாயில் வந்துவிடும்.

"அப்ப இத்தன வருசமா எங்க எடத்து மொளகத்தான் பறிச்சு வித்துக்கிட்டு இருந்தீங்களா, அத்தே? எங்க அத்தை இருக்கற வரைக்கும் கமுக்கமா இருந்துட்டு, இப்பத்தான் கல்லு கண்ணுக்குத் தெரியுதாக்கும்?"

"ஏய், கம்முனு இரு" என்று முருகேசன் அதட்டினான்.

எனக்குச் சுருக்கென்றது. பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. யாருக்குமே தெரியாததை நானாக வந்து சொல்கிறேன், எனக்கே இந்தப் பேச்சா என்று. ஆனால் ரோட்டோரத்தில் தழைக்கட்டோடு நின்ற உங்கள் முகம் வந்தது. திருடவே திருடாத உங்களை நான் அதைவிடக் கேவலமாகக் கேட்டேன். இவள் கேட்டதில் பாதிக்கு மேல் உண்மை.

"ஆமாங் கண்ணு. பறிச்சேன், வித்தேன்" என்றேன். என் ஆயுசில் ஒரு சண்டையை நான் இவ்வளவு சீக்கிரம் முடித்ததில்லை.

கவிதா விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள். முருகேசனும் நானும் குழி போட்டோம். குழியிலிருந்து தலை நிமிராமலே அவன் சொன்னான்.

"அம்மாளுக்குத் தெரியுமுங்க சின்னம்மா. போன தடவ நடறப்ப நாங் கேட்டேன், ஏம்மா உள்ள தள்ளித் தள்ளியே நடறீன்னு. பழசு நிக்கறப்பவே புதுசு நட்டாத்தான் நம்ம ஆடு அவ காட்டுல பூராது, அவ ஒத்தையாளு, ஒரு நா தொறந்து கெடந்தா ஒரு வருசக் கெழங்கு போயிருமின்னுச்சு. எடம் போவுதேம்மான்னேன். எடம் எங்க போவுது, அங்கயேதான கெடக்குதுன்னு சிரிச்சுது."

கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அழுதேன், அக்கா.  "கொடி பதினாலும் நீங்களே பறிச்சுக்கங்க சின்னம்மா, வேலி மட்டும் இங்க இருக்கட்டும்" என்றான். முடியாது என்றுவிட்டேன். நீங்கள் கொடுத்ததை நீங்கள் இருக்கும்போது தெரியாமல் வாங்கிக்கொண்டேன். தெரிந்த பிறகு உங்கள் பிள்ளையிடமிருந்து வாங்க எனக்குக் கை வராது. தையில் கூலிக்கு வேண்டுமானால் பறித்துக் கொடுக்கிறேன் என்றேன். அதற்கு அவன் ஒப்புக்கொண்டான்.

சாயங்காலத்துக்குள் நட்டு முடித்துவிட்டோம். கயிற்றின் போக்கிலேயே, என் பக்கம் நின்றுகொண்டு, என் பக்கமாக ஒரு அடி தள்ளி நட்டேன். முருகேசன் பார்த்துவிட்டு அடுத்த போத்தை எடுத்துக் கொடுத்தான். கம்பி கொஞ்சம் போதவில்லை, மேலே பத்தடிக்கு மூங்கில் வாரை வைத்துக் கட்டியிருக்கிறது. மேல் மூலைக்கு முட்டுக்கல் கொடுத்தாயிற்று, அசையவில்லை. உங்கள் சேலைகள் வரிசையாகப் பறக்கின்றன. பன்றி வருமோ வராதோ, தூரத்தில் இருந்து பார்த்தால் நீங்கள் நிற்கிற மாதிரியே இருக்கிறது. இரண்டு முறை கூப்பிடப் பார்த்தேன்.

இன்று காலை சாணி அப்பிக்கொண்டிருந்தபோது கவிதா வந்தாள். முகம் உப்பியிருந்தது, சரியாகத் தூங்கியிருக்க மாட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒரு போத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து வாய்க்கு வந்ததப் பேசிப் போட்டனுங்க அத்தே. தப்புத்தானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

ஒன்றும் இல்லை கண்ணு, போய்ச் சாப்பிடு என்றேன். அவள் போன பிறகும் சாணிக் கையோடு அங்கேயே நின்றேன்.

நீங்கள் திருடியிருந்தாலும்கூட ரோட்டில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னது தப்பு. அது அன்று சாயங்காலமே எனக்குத் தெரியும். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை வேலி வரைக்கும் வந்திருக்கிறேன். வந்து, உப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

கவிதாவுக்கு ஒரு ராத்திரி போதுமாக இருந்தது, அக்கா. எனக்குப் பதினேழு வருடம் இருந்தது.